கல் உதிர்கிறது, நூல் அவிழ்கிறது: வீட்டில் செய்த அணிகலன்களுக்கும் துணி வேலைப்பாட்டுக்கும் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் செய்த வளையலோ, கல் பதித்த ரவிக்கையோ, சுடுமண் தோடோ கெட்டுப்போனால், பெரும்பாலோர் முதலில் தேடுவது பசைக் குழாயைத்தான். எந்த இடத்தில் பிடி விட்டது, எந்தப் பரப்பிலிருந்து விட்டது, மழை நாளிலா வெயில் நாளிலா என்று பார்க்காமல் மீண்டும் ஒட்டினால், அதே கல் அதே இடத்திலிருந்து அடுத்த விசேஷத்தன்று விழும். பிழையின் அடையாளம் எப்போதும் பிழை நேர்ந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு குறையையும், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கியே விளக்கியிருக்கிறேன்.

காவிரிப் படுகையில் வாழ்பவர்கள் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கும்பகோணம், மாயவரம், திருவாரூர் வட்டாரங்களில் கொடியில் போட்ட துணியே ஒரு பகலில் உலர்வதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் அதனுடன் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பசைக் குழாயிலும் வண்ணப் புட்டியிலும் அச்சிட்டிருக்கும் உலர் நேரம் இத்தகைய நாள்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. தை மாதக் கல்யாணத்துக்கான வேலையை மழை ஓய்ந்த பிறகு முடிப்பதா, மழைக்கு முன்பே முடித்து வைப்பதா என்று கேட்டால், முன்பே முடித்து வைப்பதே மேல் என்பேன்.

ஒட்டிய கல் உதிர்கிறது

விழுந்த கல்லை எறிந்துவிடாமல் திருப்பிப் பாருங்கள். காய்ந்த பசை முழுவதும் கல்லின் முதுகிலேயே இருந்து, துணி சுத்தமாக இருந்தால், பசை துணியைப் பிடிக்கவில்லை என்று பொருள். புதுத் துணியில் ஆலையிலேயே ஏற்றப்படும் கஞ்சியும் மினுக்குப் பூச்சும் இழைகளை மூடிக்கொண்டிருப்பதால், பசை உள்ளே இறங்காமல் மேலேயே ஓர் ஏடாகக் காய்ந்துவிடுகிறது. பருத்தித் துணியாக இருந்தால் ஒருமுறை நனைத்து அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கல் பதிக்க வேண்டும். பசையைக் கல்லில் தடவிக் கொண்டுவந்து வைப்பதை விட, துணியின்மேல் ஒரு பொட்டு வைத்து, அது இழைகளுக்குள் சற்று ஊறிய பின் கல்லை அழுத்துவது நல்லது. திருபுவனம் பட்டு போன்ற நெருக்கமான பட்டில் இந்த வழியும் முழுப் பலன் தராது. அங்கே ஓரத்தில் துளையுள்ள கல்லை வாங்கித் தைப்பதே முறையாகும்.

இதற்கு நேர்மாறாகப் பசை முழுவதும் துணியில் தங்கி, கல் வழுவழுப்பாகக் கழன்று வந்திருந்தால், குற்றம் கல்லின் முதுகில் இருக்கிறது. விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கே பெரும்பாலும் காரணம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட்டு ஒட்டுங்கள். வெறும் கண்ணாடிக் கல்லாக இருந்தால் முதுகை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்க்கலாம். ஆனால் பின்புறம் வெள்ளித்தகடு போன்ற பூச்சு உள்ள குந்தன் கல்லைத் தேய்க்கவே கூடாது, ஏனெனில் கல்லின் ஒளி முழுவதும் அந்தப் பூச்சிலிருந்துதான் வருகிறது.

பசை பாதி கல்லிலும் பாதி துணியிலுமாகப் பிய்ந்திருப்பது மூன்றாவது நிலை. அங்கே இரு பரப்புகளையும் பசை பிடித்திருக்கிறது. பசையே நடுவில் வலுவிழந்திருக்கிறது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை தண்ணீரில் இளகக்கூடியது. துவைக்கும் துணிக்கு அது பொருந்தாது. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் வைத்த பசை வெப்பத்தில் இளகும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் வைத்த கைப்பையிலிருந்து எடுத்த ஹேர் கிளிப்பில் கல் நகர்ந்திருந்தால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் தெளிவான நகைப் பசை துணிக்கும் வளையலுக்கும் ஏற்றது. ஆனால் அது முழு வலிமை பெற ஒரு முழுநாளாவது வேண்டும், மழைக்காலத்தில் இன்னொரு நாளும் கொடுங்கள். தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை என்பதற்கும், உள்ளே காய்ந்துவிட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு.

கல் விழவில்லை, ஆனால் அதைச் சுற்றி வெண்படலம் படர்ந்திருக்கிறது என்றால், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதிலிருந்து எழும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அருகிலேயே வெள்ளையாகப் படிகிறது. ஈரம் கூடிய நாளில் படலமும் கூடும். அந்தப் பசை காய்ந்ததும் விறைப்பாகி, துணி மடங்கும்போது உடைந்தும்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பருத்தித் துணியிலோ பஞ்சிலோ மிகுதியாகச் சிந்தினால் சட்டென்று சூடேறிப் புகையும்; தோலைச் சுட்டுவிடவும் கூடும். துணி வேலைக்கு அதை எடுக்காமல் இருப்பதே அறிவு.

கல் மங்கிக் கறுத்தால், பின்பூச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, கல்லை மாற்றத்தான் வேண்டும். தஞ்சாவூர் ஓவியப் பொருள்களை விற்கும் கடைகளில் வாங்கும் ஜெய்ப்பூர் கற்களை ரவிக்கையில் பதிப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்தக் கற்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் அசையாமல் இருக்க வேண்டியவை, வியர்வையும் சோப்பும் படும் இடத்துக்கு உரியவை அல்ல.

நூல் வளையலில் பிளாஸ்டிக் தெரிகிறது, பிசிறு எழுகிறது

நூல் விலகிய இடம் வளையலின் உட்புறமா வெளிப்புறமா என்று முதலில் பாருங்கள். வட்டத்தின் வெளிச்சுற்று உட்சுற்றை விட நீளமானது. ஆகவே உள்ளே நூல் நெருக்கமாக இருந்தால்தான் வெளியே இடைவெளியின்றி மூடும். உட்புறத்தில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் சிறிது ஏறி அமர வேண்டும். வெளிப்புறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே சுற்றுவோரின் வளையலில், சில நாள் அணிந்த பின் நூல் ஒருபக்கம் நகர்ந்து அடிப்பரப்பு வெளிப்படும். இருபது இழைகளை ஒன்றாகச் சேர்த்து, முறுக்கு ஏறாமல் பட்டையாகச் சுற்றினால் பரப்பு சமமாக இருக்கும். முறுக்கேறிய இடம் தனியே வரி வரியாகத் தெரியும்.

பிசிறு எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் நூலின் இயல்பே. சில்க் த்ரெட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பட்டன்று, ரேயான். ஐயமிருந்தால் சிறு துண்டைக் கிடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும், ரேயான் காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகி உருண்டு கெட்டியாகும். ரேயான் நனைந்தால் வலிமை குறையும். பாத்திரம் தேய்க்கும் கையில் அந்த வளையலைப் போட்டுக்கொண்டிருந்தால் பிசிறு வராமல் என்ன செய்யும்? எழுந்த பிசிறை இழுக்காமல் கத்தரியால் ஒட்ட வெட்டி, விரல் நுனியில் எடுத்த மிகச் சிறிதளவு பசையால் ஒரே திசையில் நீவி விடுங்கள். நூலின்மேல் நகப்பூச்சு அடிப்பவர்கள் உண்டு. பளபளப்பு போய்ப் பிளாஸ்டிக் தோற்றம் வந்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வளையல் கையில் ஏறவில்லை என்பதும் அடிக்கடி வரும் குறைதான். வளையல் அளவில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கிறது. 2.4 என்பது இரண்டே கால் அங்குல உள்விட்டம், அதாவது சுமார் 57 மி.மீ.; 2.8 என்பது இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ.; 2.10 என்பது அதைவிடப் பெரியது, சுமார் 66.7 மி.மீ. நூல் சுற்றியதும் உள்விட்டம் குறைந்துவிடுவதால், கண்ணாடி வளையலுக்கு 2.4 அணிபவர் நூல் வளையலுக்கு 2.6 அடிவளையம் வாங்குவது பொருத்தம்.

ஆரி வேலையில் மணிகள் ஒரே இழுப்பில் கொட்டுகின்றன

ஒரு மணி விழுந்தது, அதைத் தொட்டதும் ஒரு வரிசையே கொட்டிவிட்டது என்றால், அது சங்கிலித் தையலின் இயல்பிலிருந்து வரும் குறை. நுனியில் கொக்கியுள்ள ஆரி ஊசி போடும் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியால் மட்டுமே தாங்கப்படுகிறது. கடைசிக் கண்ணி விட்டால் சங்கிலி முழுவதும் பின்னோக்கி அவிழும். அரிசி மூட்டையின் வாயில் ஒரு நுனியைப் பிடித்து உருவுவதும் இதே தையலைத்தான். எனவே வரிசையின் முடிவில் மட்டும் முடிச்சிட்டால் போதாது. நாலைந்து மணிக்கு ஒருமுறை ஊசியைச் சிறிது பின்னால் கொண்டுபோய் ஒரு பூட்டுத் தையல் போட வேண்டும்.

ஏற்கெனவே கொட்டத் தொடங்கிவிட்ட ரவிக்கையில், முதலில் அவிழும் நுனியைச் சாதாரண ஊசி நூலால் பின்புறம் இழுத்து முடிச்சிட்டு அவிழ்வதை நிறுத்துங்கள். பிறகு மெல்லிய மணி ஊசியால், பழைய துளைகள் வழியாகவே, காலியான இடத்தில் மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்துவிடலாம். தைத்து முடித்த ரவிக்கையை மீண்டும் சட்டத்தில் ஏற்றத் தேவையில்லை. பின்புறம் வரிசை முழுவதும் துணிப் பசை பூசும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முடிச்சின்மேல் ஒரு துளி என்றால் சரி. வரிசை முழுவதும் பூசினால் காய்ந்த பசை முதுகிலும் அக்குளிலும் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். அதற்கு மெல்லிய லைனிங் துணி வைத்துத் தைப்பதே சரியான தீர்வு.

சட்டத்திலிருந்து எடுத்ததும் துணி சுருங்கிக்கொள்வது வேறு குறை. சுருக்கம் வேலைப்பாடு இருக்கும் இடத்தில் மட்டும் இருந்தால் நூலை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். துணி முழுவதும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தால் சட்டத்தில் துணியைச் சரியாகக் கட்டவில்லை. ஓரங்களில் காடாத் துணி தைத்து, நான்கு பக்கமும் சமமாக, தட்டினால் உறுமி போல ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். இலேசான சுருக்கத்தைப் பின்புறம் மெல்லிய ஈரத்துணி வைத்து இளஞ்சூட்டு இஸ்திரியால் போக்கலாம். பட்டில் முழு வரிசையையும் பிரித்துத் திரும்பத் தைப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஊசித் துளைகளைக் கட்டை விரல் நகத்தால் குறுக்கிலும் நெடுக்கிலும் நீவினால் சில மூடும், எல்லாம் மூடா.

குஞ்சம் அவிழ்கிறது, சாயம் இறங்குகிறது

முந்தானைக் குஞ்சமும் ரவிக்கைக் கயிற்றுக் குஞ்சமும் தலைப்பகுதியில்தான் கெடும். வழுக்கும் நூலின்மேல் வழுக்கும் நூலால் போட்ட முடிச்சு நிற்காது. இறுக்கும் நூலாக மட்டும் பருத்தி கலந்த தையல் நூலை உள்ளே கட்டி, அதன்மேல் அழகுக்கு ஜரி சுற்றுங்கள். கயிற்றுக் குஞ்சத்தின் எடை கழுத்துப் பட்டியைக் கீழே இழுத்தால், உள்ளிருக்கும் கனமான மணியை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்துக்கொள்வதே எளிது.

சாயம் இறங்குவதைக் குஞ்சம் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். நூலின் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பும் அரக்கும் மிகுதியாக ஏமாற்றும் நிறங்கள். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். சாயமேற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த பிறகு நழுவும் சாயத்தை அது நிலையாகப் பிடித்து வைக்காது. கறை இறங்கிவிட்ட பட்டில் சலவைத் தூளோ குளோரின் வெளுப்பானோ படக் கூடாது. பட்டு ஒரு புரத இழை; காரமும் குளோரினும் அதை அரித்துவிடும். கறை காய்வதற்கு முன் குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி எடுத்து, மீதியைப் பட்டுத் துணி பழகிய சலவைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

துணியில் தீட்டிய வண்ணம் கழன்று போகிறது

முதல் துவையலிலேயே மங்கினால் சூடு காட்டவில்லை; செதில் செதிலாக உரிந்தால் மிகத் தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள்; கோட்டைத் தாண்டிப் பரவினால் தண்ணீர் மிகுந்துவிட்டது. தீட்டியதை ஒரு முழுநாள் உலரவிட்டு, துணியைப் புரட்டி, பின்புறத்தில் நீராவி இல்லாத இஸ்திரியால் சில நிமிடங்கள் அழுத்தி, அதற்கு மேலும் இரண்டு மூன்று நாள் கழித்தே துவைக்க வேண்டும். பாலியஸ்டர் துணியில் பருத்தி அளவுக்குச் சூடு காட்டினால் துணியே உருகும்.

சுடுமண் நகை வெடிக்கிறது, உடைகிறது, கரைகிறது

ஆற்றோரத்தில் வாழ்பவர்களுக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். சுவாமிமலையில் சிற்பிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசும் காவிரி வண்டல் புகழ்பெற்றதுதான். ஆனால் அச்சுக்குப் பொருந்தும் மண் தோட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே பிளந்தால் மணலும் வண்டலும் மிகுதி. குளத்துக் களிமண்ணைச் சேர்க்க வேண்டும். கையில் பிசுபிசுவென்று ஒட்டி, காயும்போது மிகச் சுருங்கினால் களி மிகுதி. சலித்த நுண்மணல் சிறிது சேர்க்க வேண்டும். எந்த மண்ணானாலும் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டித் தெளியவிட்டே எடுக்க வேண்டும். உள்ளே தங்கிய சிறு சுண்ணாம்புக் கல் சூளையில் சுட்டுப் போய், பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பல நாள் கழித்துக்கூட மேல்பரப்பைத் தெறிக்க வைக்கும்.

காயும்போதே விரிசல் விடுவது, வெளிப்புறம் உட்புறத்தை விட விரைவாகச் சுருங்குவதால் நேர்வது. மின்விசிறிக்கு அடியிலும் நேர் வெயிலிலும் வைக்காமல், காற்றாடும் நிழலில், மேலே ஓர் ஈரமற்ற மெல்லிய துணி போர்த்தி, நாளுக்கொரு முறை திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். மயிரிழை விரிசலை, அதே மண்ணைக் குழைத்த நீரால் தொட்டு மூடலாம். ஆழமான விரிசல் உள்ளதைத் தண்ணீரில் போட்டு மீண்டும் மண்ணாக்குவதே நேர்மை.

சுடும்போது டப்பென்று வெடித்தால், நகைக்குள் ஈரமோ காற்றுக் குமிழோ இருந்திருக்கிறது. நீர் 100 பாகை செல்சியசில் ஆவியாகி வெளியே வர வழியின்றிப் பிளந்துவிடுகிறது. காய்ந்துவிட்டதா என்று அறிய, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. மண் சட்டிக்குள் உமி பரப்பி நகைகளை இடையிடையே வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டி, முதல் கட்டத்தில் மெதுவாக, மிதமாகச் சூடேற்றுங்கள். உமிக்கு நெல் விளையும் இந்த ஊர்களில் குறையில்லை. எரிந்து முடிந்ததும் ஆவலில் கிளறாமல் தானாக ஆறவிட வேண்டும். குளிர்காற்று பட்டால் சூட்டோடு விரிசல் வரும்.

கறுப்புத் திட்டுகள், அந்த இடத்துக்குக் காற்று எட்டாமல் புகை படிந்ததன் அடையாளம். இதைக் குறை என்று கொள்ளாமல் சிலர் விரும்பியே கறுப்பாக்குவார்கள். வேண்டாம் என்றால், காற்றோட்டம் கூடுதலாக வைத்து மறுமுறை சுட்டால் சிவந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி, மழையில் நனைந்ததும் நகை கரைவது. சூடு போதவில்லை. மண் மீண்டும் மண்ணாகாதபடி மாற, சுமார் 600 பாகையாவது எட்ட வேண்டும். தோசைக்கல்லும், 250 பாகையோடு நின்றுவிடும் வீட்டு மின்னடுப்பும் மண்ணை உலர்த்துமே தவிரச் சுடா. சுட்டதா என்று அறிய இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் வெந்திருக்கிறது, மொத்தென்று ஒலித்தால் மறுபடியும் சுட வேண்டும்.

துளைக்குள் கம்பி நுழையவில்லை என்று கடைசி நாளில் தவிப்பவர்கள், மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதை மறந்திருப்பார்கள். ஈரம் பாதி போன நிலையில், கம்பியை விடத் தடித்த ஈர்க்குச்சியால் துளையிட வேண்டும். சுட்ட பிறகு துளையைப் பெரிதாக்க முயன்றால் பிளந்துவிடும்.

மேலே பூசிய வார்னிஷ் பால்போல வெளுத்தால், அடைமழை நாளில் பூசியிருக்கிறீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டது. நல்ல வெயில் நாளில் மெல்லிய மறுபூச்சுக் கொடுத்தால் பல நேரங்களில் தெளிந்துவிடும்.

காது அரிக்கிறது, கழுத்து பச்சையாகிறது

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. பச்சை, வியர்வை பட்ட செம்பும் பித்தளையும் விடும் கறை. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும், தீங்கில்லை. அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையினால் வருபவை. விலை மலிவான காதுக் கொக்கிகளில் நிக்கல் கலந்திருப்பது வழக்கம். ஆடிப்பெருக்கில் காவிரியம்மனுக்குப் படைக்கும் காதோலை கருகமணியில் உலோகமே இல்லை. பனையோலைச் சுருளும் நூலில் கோத்த கறுப்பு மணியும்தான். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த வழியில் மணியையும் நூலையும் கொண்டே கழுத்தணி செய்துகொள்ளலாம். காதுக்கு மட்டும் 92.5 வெள்ளிக் கொக்கியோ டைட்டானியம் கொக்கியோ மாற்றுங்கள். கொக்கியில் நிறமற்ற நகப்பூச்சு அடிப்பது சில நாள் தாங்கும், பிறகு தேய்ந்துவிடும். துளையில் நீர் கசிந்தால் நகையைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தோல் முழுவதும் ஆறும் வரை எந்த உலோகமும் வேண்டாம்.

ஜரி கறுக்கிறது

வெள்ளி இழையும் செம்பு இழையும் கந்தகத்தாலும் ஈரத்தாலும் கறுப்பவை. கறுப்பு மடிப்பு வரிகளில் மட்டும் இருந்தால், ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்திருந்ததால் ஈரம் அங்கே தங்கியிருக்கிறது. அக்குள், கழுத்துப் பகுதிகளில் இருந்தால் வியர்வையும் வாசனைத் தெளிப்பானும் காரணம்; உடுத்துவதற்கு முன்பே தெளித்துக்கொண்டு, உடல் உலர்ந்த பிறகு ரவிக்கை அணியுங்கள். ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய இடத்தில் கோடாகக் கறுத்திருந்தால், ரப்பரில் உள்ள கந்தகத்தின் வேலை அது. புளியோ எலுமிச்சையோ பற்பசையோ தேய்த்தால் பித்தளைப் பாத்திரம் பளிச்சிடலாம். ஆனால் ஜரியில் மேல்முலாம் போய், கீழிருக்கும் செம்பு தெரிந்துவிடும். பழுத்த கறுப்பு திரும்பாது. பழைய மல்மல் துணியில் சுற்றி, அந்துருண்டை ஜரியில் நேராகப் படாமல் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.